பதிமூன்று

பேருந்து நிறுத்தத்தில் ஹெல்வே எண்ணினாள்:
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கூடை, ஒரு நாய்.
தலைக்குப் பதினைந்து யூரோ. நாய்க்கு இலவசம்.
டிராம் ஓட்டும் டார்மோவின் புது பூட்ஸில்
விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.
பல் மருத்துவமனை உதவியாள் நான்.
வாரமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்தவள்
சனிக்கிழமை காட்டுக்குள் குனிய வந்தேன்.

முதல் பாடம் நாக்குக்கு.
மூன்று இதயங்களை ஒரு காம்பில் கட்டியது போன்ற கீரை;
எஸ்டோனியாவில் இதற்குப் பெயர் முயல்கோஸ்.
மென்றோம்.
எல்லா முகமும் ஒரே மாதிரி சுளித்தது.
அதற்குப் பிறகுதான் பெயர் கேட்டுக்கொண்டோம்.

இரண்டாம் பாடம் கைக்கு.
"தெரியாததை நடுவில் வெட்டாதே, அடியோடு தோண்டு.
அடியில் முட்டையோடு போல ஒரு பை இருந்தால்
கீழே போடு, என்னைக் கூப்பிடு."
சலவைக்குப் போய் வந்த சட்டைபோல்
வெள்ளையாய் ஒன்று ஸ்ப்ரூஸ் அடியில் நின்றது.
"நல்ல ருசியாம். தின்றவர்களே சொன்னது" என்றாள் ஹெல்வே.
"சொல்ல அவர்களுக்கு இரண்டு நாள் இருந்தது."
சிறுவன் யோசெப்
கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ஓடையைத் தாண்டியதும் மறுபடி எண்ணினாள்.
பதிமூன்று.
"நாயையும் சேர்த்துவிட்டாய்" என்றாள் கணக்காளர் ஊர்வே.
நாய் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தது.

பெயின்ட் வாளியோடு ஒருவர் எங்களுக்குள் கலந்திருந்தார்.
மரமில்லின் ஆரஞ்சுச் சட்டை. பெயர் கல்யோ.
"நானும் இந்த வழிதான்" என்றார்
யாரும் கேட்காமலே.
பணம் கட்டவில்லை. பாடமும் கேட்கவில்லை.
எங்கள் வலப்பக்கமாகவே நடந்தார்,
வேலி நடப்பதுபோல.

டார்மோ வலப்பக்கம் இரண்டடி வைத்தான்.
இருமினார். "அங்கே சேறு."
ஊர்வே எட்டிப் பார்த்தாள்.
"உண்ணி அதிகம்."
யோசெப் ஓடப் பார்த்தான்.
"பாம்பு."
பின்னும் யாரோ. "போன வருஷம் கரடி."
இன்னும் ஒருத்தர் கிளம்பியிருந்தால்
சிங்கமே வந்திருக்கும்.

ஹெல்வே ஊதலைத் துடைத்தாள்.
அந்தச் சரிவைப் பார்க்கவே இல்லை,
பார்க்காமலிருக்கப் பழகியவள் மாதிரி.
"வலப்பக்கம் ஒன்றுமில்லை. எல்லாரும் இடப்பக்கம்."
கல்யோ அப்போதுதான்
வாளியைக் கை மாற்றினார்.

நான் ஒதுங்கப் போனேன்.
மறைவுக்கு நல்ல இடம் வலப்பக்கம்தான் இருந்தது.
எழுந்திருக்கையில் கண்ணில் பட்டது.
பாசிக்கடியில்
யாரோ அணைக்க மறந்த விளக்கு.
சேவல்காளான்.
ஒன்று. அதற்கப்பால் ஏழு.
அதற்கப்பால் எண்ண முடியவில்லை,
சரிவு முழுக்க மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது.
முழங்காலிட்டேன். ஏப்ரிகாட் வாசனை.
கத்தியை விரித்தேன்.

ஊதல் மூன்று முறை.
"பன்னிரண்டு! ஒரு ஆள் குறைகிறது!"

விரித்த கத்தியை மடக்கினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
எனக்கும் சரியாகத் தெரியவில்லை.
விலக்கிய பாசியை
பல்லின் மேல் பஞ்சு வைப்பதுபோல்
பழைய இடத்தில் வைத்தேன்.

திரும்பியபோது கல்யோ முதலில் பார்த்தது
என் முழங்கால்களை. இரண்டிலும் பாசி.
பிறகு என் கூடையை.
முயல்கோஸ் நான்கு இலை, ஒரு பைன் கூம்பு.
வெகுநேரம் பார்த்தார்.

மதியம் துணி விரித்து எல்லாரும் கொட்டினோம்.
ஹெல்வே பிரித்தாள்: இது வாணலிக்கு, இது குப்பைக்கு,
இது யாருடையது, கையை உடனே கழுவு.
சூப் ஆறுவதற்குள் கல்யோ எழுந்து போயிருந்தார்.
என் கூடையில் மட்டும்
மடித்த செய்தித்தாளுக்குள்
தடித்த காலுடைய மூன்று பழுப்புக் காளான்கள்.
கூலியோ, நன்றியோ, மிரட்டலோ.
வெண்ணெயில் வதக்கினால் மூன்றும் ஒரே ருசி.

அடுத்த சனிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன்.
பதினைந்து யூரோ போகட்டும்.
புதிதாய் யாராவது வலப்பக்கம் திரும்பினால்
இரும வேண்டும்.
சேறு என்பேன்.
உண்ணி என்பேன்.
கரடியை
கல்யோவுக்கு விட்டுவிடுவேன்.